விளைநிலத்தில் பிள்ளைகள்: மூடாத குழியும் கொடுக்காத மனுவும்

வயலிலோ தோட்டத்திலோ ஒரு குழந்தை உயிரிழக்கும்போது அதை விதியின் கணக்கில் எழுதிவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகையைப் பேசி முடித்து, காவல் நிலையத்துக்குத் தகவல்கூடப் போகாமல் அடக்கம் செய்துவிடும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. இத்தகைய மரணங்களின் காரணங்களைத் தேடிப் போனால் ஒரே வகைக் கவனக்குறைவுகளே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. தண்ணீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணற்றின் வாயில் சாக்கைச் செருகி மேலே ஒரு கல்லை வைத்துவிடுவது, மீதமான பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது, டிராக்டரின் மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து உழுவது, காட்டுப்பன்றிக்கு அஞ்சி வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது ஆகியவையே அவை. இவற்றில் ஒன்றுகூடத் தடுக்க இயலாததன்று. பொறுப்பாளர் யார், எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்பவை சட்டத்தில் எழுதப்பட்டே இருந்தும், விபத்து நேர்வதற்கு முன் அவற்றைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில் விதிகள் மிகத் தெளிவாக இருப்பதும் அவை மிக அலட்சியமாக மீறப்படுவதும் இங்கேதான். 2006-இல் அரியானா மாநிலம் குருக்ஷேத்திரம் மாவட்டத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய குழியில் விழுந்து இரண்டு நாளுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பின்னரும் விபத்துகள் தொடர்ந்ததால், உச்சநீதிமன்றம் 2010 பிப்ரவரியில் நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகளை ஆணையாகவே பிறப்பித்தது. தமிழ்நாட்டிலும் ஊராட்சிப் பகுதிகளில் கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2015-இல் வந்தன. இவ்வளவும் நடைமுறையில் இருந்தபோதுதான் 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட குழியில் விழுந்தது. 29-ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் மீட்க முடிந்தது. அந்தத் துயரத்தை ஒட்டி மாநிலமெங்கும் குழிகளை மூடும் பணி பரபரப்பாக நடந்தது. அந்தப் பரபரப்பு அடங்கியபின் புதிதாகத் தோண்டப்பட்டுக் கைவிடப்பட்ட குழிகளின் கணக்கு தங்கள் ஊராட்சியில் ஒழுங்காக எழுதப்படுகிறதா என்று கேட்கும் பொறுப்பு ஒவ்வோர் ஊராருக்கும் இருக்கிறது.

உச்சநீதிமன்ற ஆணையின்படி, கிணறு தோண்டுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே நில உரிமையாளர் உரிய அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தோண்டும் இடத்தில் உரிமையாளரின் முகவரியும் நிறுவனத்தின் முகவரியும் எழுதிய பலகையும், சுற்றிலும் முள்கம்பி வேலியோ வேறு தடுப்போ இருக்க வேண்டும். பயன்பாட்டிலுள்ள கிணற்றின் கேசிங் குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 0.30 மீட்டரும் தரைக்குக் கீழ் 0.30 மீட்டருமாக சிமென்ட் மேடை கட்டி, குழாயின் வாயை இரும்புத் தகடு பற்றவைத்தோ, போல்ட் நட்டால் முடுக்கிய மூடியாலோ அடைக்க வேண்டும். மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுத்திருக்கும் வேளையிலும் வாய் திறந்து கிடக்கக் கூடாது. கைவிடப்படும் குழியைக் களிமண், மணல், கூழாங்கல், தோண்டும்போது வெளிவந்த கல்தூள் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பி, அவ்வாறு நிரப்பப்பட்டதற்குச் சான்றும் பெற வேண்டும்.

நடைமுறையில் நிகழ்வதோ வேறு. தண்ணீர் வராத குழிக்கு மேலும் செலவழிக்க மனமில்லாத உரிமையாளர், விலை பெறும் என்பதற்காக கேசிங் குழாயையும் உருவி எடுத்துவிடுகிறார்; அதைத் தாங்கி நின்ற மேல்மண் அடுத்த மழையில் சரிந்து வாய் அகன்றுவிடுகிறது; மேலே போட்ட சாக்கும் பலகையும் ஓராண்டுக்குள் மக்கி, புல் முளைத்து, குழி கண்ணுக்கே தெரியாமல் போகிறது. சாக்கு மூடியாகாது, தென்னை மட்டையும் கல்லும் மூடியாகா. குழியை மழைநீர் சேகரிப்புக்குப் பயன்படுத்த விரும்புவோரும் வடிகட்டும் தொட்டி கட்டி, குழாயின் வாயைக் குழந்தையின் கை நுழையாத அளவுக்கு அடைத்த பிறகே அவ்வாறு செய்யலாம்.

பக்கத்து நிலத்தில் இத்தகைய குழி திறந்து கிடப்பதைப் பார்ப்பவர் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார். வாய்மொழியாகச் சொன்னது புகாராகாது. அலுவலகங்களோ, ஊராட்சியைக் கேட்டால் அது பட்டா நிலம் என்றும், வருவாய்த் துறையைக் கேட்டால் அது ஊராட்சியின் வேலை என்றும் மனுதாரரை அலைய விடுகின்றன. பட்டா நிலம் என்ற பதில் சட்டப்படி நிற்காது. உச்சநீதிமன்ற ஆணை தனியார் நிலத்துக் கிணறுகளைப் பற்றியதுதான், அதன் கண்காணிப்பு மாவட்ட ஆட்சியரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. இதற்கு மேல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 133), பொதுவழிக்கோ பொது இடத்துக்கோ அருகிலுள்ள குளம், கிணறு, பள்ளம் எதையும் வேலியிடுமாறு உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தைக் கோட்ட நடுவர் என்ற முறையில் வருவாய்க் கோட்டாட்சியருக்கு அல்லது சார் ஆட்சியருக்கு அளிக்கிறது. முறைப்படி பிறப்பிக்கப்பட்ட இவ்வாணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய தரைமட்டக் கிணறுகளுக்கும் சாலையோரப் பண்ணைக் குட்டைகளுக்கும் இதே பிரிவு பொருந்தும் என்பது பலர் அறியாத செய்தி.

எனவே மனு வருவாய்க் கோட்டாட்சியருக்கு முகவரியிடப்பட வேண்டும். அதன் நகல் வட்டாட்சியருக்கும், கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சித் தலைவருக்கும் (தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலருக்கும்) செல்ல வேண்டும். மனுவில் கிராமம், வட்டம், புல எண், உட்பிரிவு எண், பட்டாதாரர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். புல எண் தெரிந்தால் மற்ற விவரங்களைத் தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழிக்கும் அருகிலுள்ள பாதை, அங்கன்வாடி, குடியிருப்பு ஆகியவற்றுக்கும் உள்ள தொலைவைக் குறிப்பிட்டு, தேதி தெரியும் படங்களை இணைத்து, 152-ஆம் பிரிவின் கீழும் உச்சநீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணையின்படியும் நடவடிக்கை கோருவதாகத் தெளிவாக எழுத வேண்டும். குழி பொதுவழியிலிருந்து விலகி நிலத்தின் நடுவே இருந்தால் 152-ஆம் பிரிவு எட்டாமல் போகலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுவது நல்லது. ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பலாம், அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து மனு எண் பெறலாம். மனு எண்ணோ ஒப்புகையோ இல்லாமல் திரும்பி வரக் கூடாது. நாளை ஒரு குழந்தை விழுந்தால், அலுவலருக்கு முன்பே தெரியும் என்பதை மெய்ப்பிக்க அந்த ஒரு தாளைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

மனுவுக்கு விடை வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். ஊராட்சியில் பயன்பாட்டிலுள்ள, கைவிடப்பட்டுத் திறந்து கிடக்கும், கைவிடப்பட்டு நிரப்பப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளின் பட்டியலை அதில் கேட்க வேண்டும். இத்தகைய கணக்கைப் பராமரிக்க வேண்டும் என்பது உச்சநீதிமன்றத்தின் கட்டளை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுவதும் பயன் தரும். நீரைப் பற்றிப் பேசுவதற்கென்றே மார்ச் 22 அன்று ஒரு சபை கூடுகிறது.

பண்ணைக் குட்டைகளில் வேறோர் ஆபத்து இருக்கிறது. நீர் கசியாமலிருக்க பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையின் சரிவு ஈரத்தில் வழுக்குமாதலால், நீந்தத் தெரிந்த பையன்கூட மேலே ஏற முடியாமல் களைத்து மூழ்கிவிடுவான். இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்ட கயிறுகளை நான்கு கரையிலும் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுவதும், காற்றடைத்த டயர் ட்யூப் ஒன்றைக் கரையில் வைப்பதும் மிகச் சிறிய செலவு.

பூச்சிமருந்தைப் பொறுத்தவரை, சட்டம் பேசுவதற்கு முன் முதலுதவியில் நேரும் தவறுகளைத்தான் கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துப் பொட்டலத்தின் மீதுள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைக் காட்டுகிறது: சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், இறுதியில் பச்சை. பச்சையும் நஞ்சே. எடை குறைந்த உடலில் சிறிதளவு மருந்தும் பெரிய அளவாகிவிடுவதாலும், தோல் வழியாகவும் அது உட்புகுவதாலும், தெளிக்கும் நாளில் குழந்தைகள் வயலில் இருக்கவே கூடாது. தெளித்தவர் குளித்து உடை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்க வேண்டும். கரிம பாஸ்பரஸ் வகை மருந்து உடலில் ஏறினால் கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்கும், வாயில் எச்சில் பெருகும், வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். அப்போது உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, அந்த நீரும் மருந்தும் நுரையீரலுக்குள் போவதற்கே வழி செய்யும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடையைக் களைந்து, உடலைச் சோப்பால் கழுவி, 108-ஐ அழைத்து, மருந்துப் பாட்டிலை அதன் லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குரிய மாற்று மருந்து எது என்பதை லேபிள்தான் மருத்துவருக்குச் சொல்கிறது. குளிர்பானப் பாட்டிலுக்கு மாற்றிய மருந்தால் நேரும் இரட்டைக் கேடு இதுவே: குழந்தை அதைப் பானமென்று குடிக்கிறது, குடித்தது எதுவென்று மருத்துவருக்கும் தெரியாமல் போகிறது. மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, லேபிளை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

குடும்ப நிலத்தில் பிள்ளைகள் வேலை செய்வதைச் சட்டம் தடுக்காது என்பது பாதி உண்மை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்கள் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. ஆனால் ஆபத்தான வேலைகளில் அந்த விலக்கு செல்லாது. டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், அறுவடை இயந்திரம், தீவனம் வெட்டும் இயந்திரம் ஆகியவை சார்ந்த வேலைகள் அந்த ஆபத்துப் பட்டியலில் உள்ளன. பிறர் நிலத்தில் குழந்தையை வேலைக்கு அமர்த்துபவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் 1098 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். டிராக்டர் சாலைக்கு வந்துவிட்டால் ஓட்டுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவின்படி தண்டனை பெறுபவர் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர்: 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். மட்கார்டு இருக்கை அன்று.

மின்வேலியைக் கண்டால் கம்பியருகே போகாமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்திலும் தொலைபேசியிலும் தெரிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்துவிட்டால், மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளரின் விசாரணை நடக்கிறதா என்பதைக் குடும்பத்தார் வலியுறுத்திக் கேட்டு, அறிக்கையின் நகலைப் பெற வேண்டும். வேறொருவர் திருட்டுத்தனமாக இழுத்த கம்பியால் நேர்ந்த மரணத்திலும் வாரியம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2002-இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எந்த வகை விபத்தானாலும், முதல் நாளில் செய்யாமல் விட்ட ஆவணத்தைப் பிறகு உண்டாக்க முடியாது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி என்று சொல்லப்படுவது) கேட்டு வாங்க வேண்டும், நடந்தது எதுவோ அதையே அங்கு சொல்ல வேண்டும், டிராக்டரிலிருந்து விழுந்ததைப் படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னால் பின்னர் எந்த வழக்கும் நிற்காது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது தகவல் கொடுத்தவரின் உரிமை. நிலைய அதிகாரி பதிய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், அங்கும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவருக்கும் விண்ணப்பிக்கலாம். சாலையில் டிராக்டரால் நேர்ந்த விபத்துக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, 2022 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம் 6 மாதக் கெடு விதிக்கிறது. ஊர்ப் பேச்சுவார்த்தையில் அந்த 6 மாதத்தைக் கழித்துவிடும் குடும்பங்கள் பல.

வருவாய்க் கோட்டாட்சியரின் அலுவலகத்தை நாட வேண்டிய இன்னொரு சூழல், முன்பணத்துக்காக ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் அனுப்பப்படும் சிறுவர்களைப் பற்றியது. இரவும் பகலும் வெட்டவெளியில், பாம்புக்கும் கிணற்றுக்கும் நடுவே, பள்ளியை மறந்து வாழும் இப்பிள்ளைகளின் நிலை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொத்தடிமை முறையே ஆகும்; பெற்றோர் சம்மதித்துத்தான் அனுப்பினார்கள் என்பது அதற்கு விலக்கன்று. மீட்கும்போது பல இடங்களில் அலுவலர்கள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவதால், கோட்டாட்சியர் கையொப்பமிட்ட விடுதலைச் சான்றிதழ் இல்லாமலே அவன் திரும்புகிறான். முன்பணக் கடன் சட்டப்படி அழிந்துபோனதற்கும், மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும் வழக்கு முடிந்தபின் பெரிய தொகையும் கோருவதற்கும் அச்சான்றிதழே ஆதாரம். ஆகவே மீட்பு நடக்கும் நாளிலேயே, பிள்ளையை அழைத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியேறுவதற்கு முன், விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு அனுப்பி வைப்பதாகச் சொன்னால், விசாரணை நடத்திச் சான்றிதழ் வழங்கக் கோரும் மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் பெற வேண்டும்.