தட்டுத் தேய்ந்தால் வாழ்வு தேய்ந்துவிடுமா?



"உங்களுக்கு டிஸ்க் தேய்ந்து போயிருக்கிறது" என்று வைத்தியர் சொன்னதும் நம்மில் பலர் மனமுடைந்து விடுகிறோம். இனிக் குனிய முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, கடைசிவரை கதிரையில் இருந்துதான் தொழ வேண்டும் என்ற கவலை பிடித்துக்கொள்கிறது. உண்மை நிலை என்ன?

நமது முள்ளந்தண்டு என்புகளுக்கிடையே 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதியும், சுற்றிவர உறுதியான நார் வளையமும் இருக்கின்றன. உடம்பின் பாரத்தைத் தாங்கும் மெத்தை இதுதான். ஆனால் நடுப்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதற்கான போஷாக்கு பக்கத்து என்புகளிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்தே வருகிறது. அதனால்தான் கையில் பட்ட காயம்போல இது இலகுவில் ஆறுவதில்லை.

தேய்ந்த தட்டைச் சீராக்கும் ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. 2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த தட்டுகளை ஆடுகளின் கழுத்தில் பொருத்திக் காட்டினார்கள். மனிதரில், மூலக் கலங்களை ஊசிமூலம் தட்டுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். 404 நோயாளரிடம் செய்யப்பட்ட இத்தகைய பரிசோதனையின் முடிவு 2021இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வலி குறைந்தபோதிலும், எதிர்பார்த்த பிரதான இலக்கை அது எட்டவில்லை. ஆகவே, "ஒரே ஊசியில் தட்டு புதிதாகிவிடும்" என்று யாராவது ஆசை காட்டினால், காப்பை அடகு வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். தேய்வு உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை. முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வின்படி, 20 வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் 96 பேருக்கும் தட்டுத் தேய்வு இருந்தது. தலை நரைப்பது போலத்தான் இதுவும்.

அப்படியானால் இன்று நம் கையில் இருப்பது என்ன? நடை! அவுஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து குணமான 701 பேரிடம் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்ப வர ஏறத்தாழ 208 நாட்கள் சென்றன. மற்றவர்களுக்கோ 112 நாட்கள்தான்.

வீட்டிலுள்ள ஆண்களே! அந்த அரை மணி நேரத்தை அவளுக்குக் கொடுங்கள். அரிசி மூட்டையையும் தண்ணீர் வாளியையும் நீங்கள் தூக்குங்கள்.

வலி கடுமையான நாட்களில் இருந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதற்காகப் படுக்கையே கதியென்று கிடக்க வேண்டாம். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, மறைவிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடிழந்தாலோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

புதிய சிகிச்சை வரும்போது வரட்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரை நம் கால்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை.