17 வருஷம் கழித்து ஆங்கிலத்தில் வந்த 'தி சில்வர் கேஸ்'... கொண்டாட்டமும் திட்டும் ஒரே காரணத்துக்காக வந்தது ஏன்?

ஒரே கேம். விளையாடிய விமர்சகர்களில் ஒரு தரப்பு அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இன்னொரு தரப்பு, பொறுமையை ரொம்பவே சோதிக்கிறது என்று அலுத்துக்கொண்டது. இதில் ஆச்சர்யம் என்னவென்றால், இரண்டு தரப்பும் கைகாட்டியது கிட்டத்தட்ட அதே விஷயங்களைத்தான். ஜப்பானின் 'தி சில்வர் கேஸ்' ரீமாஸ்டருக்கு நடந்தது இதுதான்.

அது என்ன கேம்?

1999 அக்டோபர் 7-ம் தேதி, முதல் பிளேஸ்டேஷனுக்காக ஜப்பானில் மட்டும் வெளியான கிரைம் கேம் இது. உருவாக்கியது கிராஸ்ஹாப்பர் மேனுஃபேக்சர் என்ற சின்ன நிறுவனம். அவர்களின் முதல் கேமும் இதுதான். இயக்கியவர் கோய்ச்சி சுடா. ரசிகர்களுக்கு இவர் 'சுடா51'. ஜப்பானிய மொழியில் 'கோ' என்றால் 5, 'இச்சி' என்றால் 1. பெயரிலிருந்தே வந்த பட்டம்!

இது 'விஷுவல் நாவல்' வகை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை எல்லாம் இதில் கிடையாது. படங்கள், இசையோடு வரும் வசனங்களைப் படித்துக்கொண்டே போக வேண்டும். நடுநடுவே கொஞ்சம் தேடல், கொஞ்சம் புதிர். அவ்வளவுதான்.

கதை என்ன?

'24 வார்டுகள்' என்ற கற்பனை நகரம். 20 வருஷத்துக்கு முன் நாட்டையே உலுக்கிய கொலைகாரன் கமுய் உஎஹராவின் பெயர் மறுபடியும் அடிபடுகிறது. கொடூரக் குற்றங்களை விசாரிக்கும் போலீஸ் பிரிவு ஒரு பக்கம் தேடுகிறது. அது 'டிரான்ஸ்மிட்டர்' பகுதி. அதே வழக்குகளை ஒரு பத்திரிகையாளர் தன் அறையில் உட்கார்ந்து, மெயில்களைப் புரட்டியபடி அலசுகிறார். அது 'பிளசீபோ' பகுதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் ஓரளவு பிடிபடும். 'ஓரளவு' என்பதுதான் இங்கே முக்கியம். பல முடிச்சுகளை இந்தக் கதை அவிழ்ப்பதே இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்?

வசனமே உயிர் என்பதால் மொழிபெயர்ப்பு இல்லாமல் வெளிநாட்டில் விளையாடவே முடியாது. நடுவில் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்குக் கொண்டுவர எடுத்த முயற்சியும் கைவிடப்பட்டது. இதற்கிடையே 'கில்லர்7' (2005), 'நோ மோர் ஹீரோஸ்' (2007) மூலம் சுடா உலக அளவில் பெயர் வாங்கினார். அவர் தொடங்கிய இடம் எது என்று தெரிந்துகொள்ளும் ஆசை ரசிகர்களுக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 2016 அக்டோபர் 7 அன்று, சரியாக 17 வருஷம் கழித்து, கணினிக்கான ரீமாஸ்டர் ஆங்கிலத்தில் வந்தது. 2017-ல் பிளேஸ்டேஷன் 4 பதிப்பு, இரண்டு புதிய அத்தியாயங்களோடு வந்தது.

பாராட்டு எதற்கு?

முதலில் அதன் தோற்றம். திரை முழுக்க ஒரே காட்சி இருக்காது. சின்னச் சின்ன சதுரங்களில் ஓவியம், 3டி காட்சி, வீடியோ, வசனம் எல்லாம் தனித்தனியாக மாறிக்கொண்டே இருக்கும். 'ஃபிலிம் விண்டோ' என்று இதற்குப் பெயர். ஆள் பலமும் வசதியும் குறைவாக இருந்த குழு, இருப்பதை வைத்துச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி அது. பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது. மசாஃபுமி டகாடாவின் இசையும், இணையம் வீட்டுக்குள் நுழைந்த காலத்தின் பதற்றத்தைக் கதை பிடித்த விதமும் பாராட்டு வாங்கின.

திட்டு எதற்கு?

ஒரு அடி எடுத்து வைக்கக்கூட மெனுவில் 'நகர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிர்கள் கதையோடு ஒட்டவில்லை. எழுத்துகள் மெதுவாக வந்து விழுகின்றன. கதையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதில்லை. இதனால் விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. ஒருவருக்கு 'மர்மம்' ஆக இருந்தது, இன்னொருவருக்கு 'குழப்பம்' ஆனது.

அப்போ சரி செய்திருக்கலாமே?

இங்கேதான் சிக்கல். ரீமேக் என்றால் முதலிலிருந்து புதிதாகக் கட்டுவது. ரீமாஸ்டர் என்றால் பழையதைத் துடைத்து மெருகேற்றுவது. சுடா குழு படத்தின் தரத்தைக் கூட்டியது, 'சைலன்ட் ஹில்' புகழ் அகிரா யமாவோகாவை வைத்துச் சில இசைத் துண்டுகளைப் புதுப்பித்தது. ஆனால் அடிப்படை அமைப்பில் கை வைக்கவில்லை.

சிறு ஜன்னல்களும் அந்தக் கால நெருக்கடியில் பிறந்தவை, தடுமாற வைக்கும் மெனுவும் அதே காலத்தைச் சேர்ந்தது. ஒன்றை 'ஸ்டைல்' என்று வைத்துக்கொண்டு மற்றொன்றைக் 'குறை' என்று தூக்கினால், ஆங்கில ரசிகர்களுக்கு முதல்முறையாகக் கிடைப்பது 1999-ன் கேமாக இருந்திருக்காது. அதே சமயம், இன்றைய விலை கொடுத்து வாங்குபவர் இன்றைய வசதியை எதிர்பார்ப்பதும் நியாயம்தான். 'இது காப்பாற்ற வேண்டிய படைப்பா?', 'இன்று விளையாட சுகமாக இருக்கிறதா?' என்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட வேண்டியிருந்ததால்தான் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

யார் விளையாடலாம்?

2021-ல் இந்த கேமும் அதன் தொடர்ச்சியான 'தி 25த் வார்டு'ம் சேர்ந்து 'தி சில்வர் கேஸ் 2425' என்ற பெயரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தன. நிதானமாகப் படிக்கப் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் தாராளமாகத் தொடங்கலாம். விறுவிறுவென்று ஆக்‌ஷன் வேண்டும் என்பவர்கள், சுடாவின் 'நோ மோர் ஹீரோஸ்' பக்கம் போவது நல்லது.