நான்கு முறை நாடு மாறிய மண்

பிரான்சின் கிழக்கு எல்லையில் அல்சாஸ் என்னும் வட்டாரம் உள்ளது. கிழக்கே ரைன் ஆறு. அதன் மறுகரை ஜெர்மனி. மேற்கே வோஜ் மலைத்தொடர். அம்மலை மழை மேகங்களைத் தடுப்பதால், கிழக்குச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் செழித்துள்ளன.

ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு வரும் சுற்றுப்பயணிகள் முதலில் தேடிச் செல்வது 142 மீட்டர் உயரமுள்ள தேவாலயத்தைத்தான். ஆனால், தவறவிடக்கூடாதது குடியரசுச் சதுக்கத்தில் உள்ள போர் நினைவுச்சின்னமே.

1871இல் அல்சாஸ் ஜெர்மனியின் வசமானது. முதல் உலகப் போருக்குப்பின் பிரான்சிடம் திரும்பியது. 1940இல் மீண்டும் ஜெர்மனி. 1945இல் மீண்டும் பிரான்ஸ். 1870இல் அங்குப் பிறந்த ஒருவர், வீட்டைவிட்டு நகராமலேயே, 75 வயதுக்குள் நான்கு முறை நாடு மாறியிருப்பார்! பள்ளியின் பாடமொழியும் தெருப்பெயர்களும்கூட உடன் மாறின.

முதல் உலகப் போரில் அல்சாஸ் இளைஞர்களுள் பெரும்பாலோர் ஜெர்மானியப் படையில் போரிட்டனர். சிலர் பிரான்சின் பக்கம் நின்றனர். 1936இல் எழுப்பப்பட்ட அந்நினைவுச்சின்னத்தில், ஒரு தாய் உயிர் பிரியும் தன் இரு மகன்களைத் தாங்கியிருக்கிறாள். மகன்களின் உடலில் சீருடை இல்லை. யார் எந்தப் படை என்பது தெரியாது. பிற பிரெஞ்சு ஊர்களின் நினைவுச்சின்னங்களில் 'பிரான்சுக்காக' என்ற சொல் இடம்பெறுவது வழக்கம். இங்கோ, 'இறந்த எம்மவர்க்கு' என்பதோடு நிறுத்திவிட்டனர்.

2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க் டிராம், ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகர்வரை செல்கிறது. பலர் அதிலேறி மறுகரைக்குச் சென்று மளிகை வாங்கி வருகின்றனர்.