கணிப்பொறி வழியே பேசவும் பார்க்கவும் வேண்டுவன

பம்பாயிலிருந்து கல்யாண் வரை 1854-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருப்புப்பாதை நீண்டது. அன்று முதல் இவ்வூர் மக்களின் கல்வியும் தொழிலும் வைத்தியமும் பெரும்பாலும் ரயிலையே நம்பியிருந்தன. 2020 மார்ச் இறுதியில் பெருந்தொற்றின் காரணமாகப் புறநகர் ரயில்கள் நின்றபோது, வகுப்பறை கணிப்பொறித் திரைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம், நோயாளிகள் வீட்டிலிருந்தே மருத்துவரைக் கண்டு பேசும் ‘இ-சஞ்சீவனி’ சேவையைத் தொடங்கிற்று. இத்தகைய உரையாடலுக்கு வேண்டுவன யாவை என்பதைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, ஒலி. மைக் நம் குரலை மின் அலையாக மாற்றுகிறது. தொலைபேசி முறையில் அவ்வலை வினாடிக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளால் குறிக்கப்படுவதால், வினாடிக்கு 64,000 பிட்டுகள் ஆகின்றன.

இரண்டாவது, படம். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட படத்தில் புள்ளிக்கு 24 பிட்டுகள் வேண்டும். வினாடிக்கு 25 படங்கள் எனின், 18 கோடியே 43 லட்சத்துக்கு மேற்பட்ட பிட்டுகள் ஆகும். குரலைப்போல் ஏறக்குறைய 2,900 மடங்கு! இதனை அப்படியே அனுப்புவதில்லை. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறிய பகுதியை மட்டுமே பெரும்பாலும் அனுப்புவதால், பாரம் நூறில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்குகிறது. சுருக்கிய பின்னரும் படமே குரலைவிடப் பன்மடங்கு பெரிது.

மூன்றாவது, இணையத் தொடர்பு. செய்தி சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், கல்யாணிலிருந்து திருநெல்வேலிக்கு 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள இழை வழியே செல்லவும் வினாடியில் நூறில் ஒரு பங்கே போதும். ஆகவே பேச்சு தடைப்படுவதற்குத் தூரம் காரணமன்று; வழியில் பொட்டலங்கள் வரிசையில் காத்து நிற்பதும் தவறிப் போவதுமே காரணம். வீட்டில் பலர் ஒரே இணைப்பில் திரைப்படம் காணும்பொழுது இது நேரும். எதிரில் உள்ளவர் நமக்குத் தெளிவாகத் தெரிந்தும், நாம் அவருக்குத் தெரியவில்லையெனில், பெறும் வேகம் போதுமானது, அனுப்பும் வேகம் குறைவு என அறியலாம்.

நான்காவது, அனுமதி. கேமராவும் மைக்கும் பழுதின்றி இருந்தும், அவற்றைப் பயன்படுத்த உலாவிக்கு நாம் அனுமதி தராவிடில் உரையாடல் நிகழாது. உரையாடல் முடிந்ததும் அவை அணைந்தனவா என்று பார்த்தலும் அவசியம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்தால் எதிரொலி எழும். ஹெட்போன் அணிந்தால் அது நீங்கும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டு போகும். வெளிச்சம் முகத்தில் விழுமாறு அமர வேண்டும். தோலில் தோன்றிய தடிப்பை மருத்துவருக்குக் காட்டுவோர் இதனை மறத்தல் கூடாது.

இணைப்பு நலிந்தால் முதலில் படத்தை நிறுத்துக. குரலைக் காத்துக் கொள்க. முகம் மறைந்தாலும் பாடம் தொடரும். நோயாளி எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று சொல்லும் சொல்லும், மருத்துவர் கூறும் மருந்தின் அளவும் விட்டுப் போனாலோ, விளைவு விபரீதமாகும்.