இளைஞரும் கடுவட்டியும்

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்த பின்னர், அக்கொடுமையை ஊரிலேயே விட்டுவிட்டோம் என்று எண்ணியிருந்தோம். இன்று அது வேறு கோலம் பூண்டு, நம் பிள்ளைகளின் கைப்பேசி வழியே வீட்டினுள் நுழைந்திருக்கிறது. கடன் தருவதாகக் கூறிய ஏறக்குறைய 1,100 செயலிகளுள் 600 சட்டப் புறம்பானவை என்று, ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ஆம் ஆண்டில் தெரிவித்தது.

தில்லியில் எங்கள் குடியிருப்பில் வாழும் கல்லூரி மாணவன் ஒருவன், தேர்வுக் கட்டணத்துக்காக இத்தகைய செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கடன் கேட்டான். கைக்கு வந்தது 3,500 ரூபாயே. எஞ்சிய 1,500 ரூபாய் 'செயலாக்கக் கட்டணம்' என்று பிடிக்கப்பட்டது. ஏழாம் நாள் முழுத் தொகையையும் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. கட்ட இயலாதபோது, அவனுடைய கைப்பேசியிலிருந்த உறவினர், ஆசிரியர் அனைவருக்கும் அவனை இழிவுபடுத்தும் செய்திகள் சென்றன. அதற்கு அஞ்சி, முதற் கடனை அடைக்க வேறொரு செயலியில் இரண்டாவது கடன் வாங்கினான். பெற்றோருக்கு மட்டும் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: 'செயலாக்கக் கட்டணம்' என்ற அந்தச் சொல்லுக்கு நேரான தமிழ், முன்வட்டி என்பதே. 3,500 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,500 என்றால், நூற்றுக்கு 42 ரூபாய்க்கும் மேல். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 24 விழுக்காடு ஆகும். இதுவோ 2,200 விழுக்காட்டையும் தாண்டுகிறது. பள்ளியில் தனிவட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கும், இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டியதில்லை.

கணக்கோடு சட்டத்தையும் கற்பித்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, கடன் தொகை கடனாளியின் வங்கிக் கணக்கில் நேரே சேரவேண்டும். ஆண்டு முழுவதற்குமான மொத்தச் செலவு விழுக்காட்டை முன்னரே எழுத்தில் தரவேண்டும். கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடலாகாது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் பயன்படுத்துவதாகத் தெரிவித்த செயலிகளின் பட்டியல், 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ளது. அப்பட்டியலில் பெயர் இல்லாத செயலியை நாடாதிருப்பதே நன்று. மிரட்டல் வந்தால், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கலாம்.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. அந்த மாணவன் சில வாரங்கள் உறக்கமின்றித் தவித்தபின் தாயிடம் உண்மையைக் கூறினான். தந்தை சினந்து பேசவில்லை. மகனை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றார். "முதல் நாளே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்" என்று அவன் பின்னர் என்னிடம் கூறினான். கடுவட்டிக்காரன் நம்பியிருப்பது பிள்ளையின் வெட்கத்தையே. சுற்றமும் ஊரும் தொலைவிலிருக்கும் நம்மைப் போன்றோர் இல்லங்களில், பிள்ளைக்குப் பெற்றோரை விட்டால் வேறு புகலிடம் ஏது?

ஆதலின் இன்றிரவே ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, மேற்கண்ட கணக்கைப் பிள்ளைகளோடு அமர்ந்து போட்டுப் பாருங்கள். பணமுடை வந்தால் முதலில் நம்மிடமே சொல்லலாம் என்பதையும் அப்போதே கூறிவிடுங்கள்.