வருகையை எதிர்நோக்குவோரின் அன்றாட வாழ்வு

ஆண்டவர் மீண்டும் எழுந்தருளுவார், அந்நாளில் இவ்வுலக வரலாறு நிறைவெய்தும் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். இதனை மெய்யாகவே நம்பும் ஒருவன் நாளைக் காலையில் வயலுக்குச் செல்லவேண்டுமா? பட்ட கடனைத் தீர்க்கவேண்டுமா? பலன் தரப் பல்லாண்டு செல்லும் பனங்கொட்டையை நிலத்தில் ஊன்றவேண்டுமா? இவ்வினா புதியதன்று. திருச்சபை தோன்றிய முதல் தலைமுறையிலேயே இது எழுந்துவிட்டது.

மக்கெதோனியா நாட்டின் துறைமுகப் பட்டினமாகிய தெசலோனிக்கா, உரோமரின் எக்நாத்தியப் பெருவழியில் அமைந்த வணிக நகரம். அங்கே பவுல் அடியார் ஒரு சிறு சபையை நிறுவினார். ஆயின் கலகம் மூண்டமையால் இரவோடிரவாக அந்நகரை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர்க் கொரிந்துவிலிருந்து அச்சபைக்கு அவர் ஒரு நிருபம் வரைந்தார். அக்காலத்தில் ஆளுநராயிருந்த கல்லியோனின் பெயர் கிரேக்க நாட்டுத் தெல்பியில் ஒரு கல்வெட்டிற் காணப்படுவதால், அந்நிருபம் கி.பி. 50 அல்லது 51ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதென அறிஞர் கணிக்கின்றனர். புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. இன்று ஐந்து அதிகாரங்களாக விளங்கும் அந்நிருபத்தில், ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதிப் பகுதியிலும் ஆண்டவரின் வருகை நினைவூட்டப்படுகின்றது.

வருகை என்னும் பொருளில் அவர் வழங்கிய கிரேக்கச் சொல் ‘பரூசியா’ என்பதாகும். அரசரோ பேரரசரோ ஒரு நகருக்கு எழுந்தருளுவதை அக்காலத்தவர் இச்சொல்லாலேயே குறித்தனர். அரசன் வருகிறான் என்று கேள்வியுற்ற நகரத்தார் கைகட்டி வானத்தை நோக்கியிருப்பதில்லை, வழிகளைச் செப்பனிடுவர், வரவேற்புக்கு வேண்டுவனவற்றை ஆயத்தம் செய்வர். எனவே, எதிர்பார்ப்பு என்பது உழைப்பின் முடிவன்று. அதன் தொடக்கமே என்பது அச்சொல்லிலேயே விளங்குகின்றதன்றோ?

ஆயினும் தெசலோனிக்கேயருட் சிலர் வேலையை விட்டுவிட்டு, அயலார் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தனர். உழைத்துண்ட சகோதரரே அவர்களையும் தாங்க வேண்டியதாயிற்று. இருவகை நிருபங்களிலும் இக்குறை கண்டிக்கப்படுகின்றது. அமைதியாய் வாழுங்கள், சொந்தக் கைகளால் உழையுங்கள் என்பதே அங்குக் காணும் அறிவுரை. இதனைச் சொல்லும் தகுதி பவுலடியாருக்கு இருந்தது. கூடாரம் பண்ணுந் தொழிலாளியாகிய அவர், எவர்க்கும் பாரமாகாதபடி இரவும் பகலும் உழைத்தே நற்செய்தி அறிவித்தவர்.

நாளைக் குறித்துக் கணக்கிடுவதும் ஒரு மயக்கமே. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர் என்பவர், தானியேல் ஆகமத்தில் வரும் 2,300 நாட்கள் என்ற எண்ணைக் கொண்டு, வருகை அண்மையில் உளதென்று போதித்தார். அவரைப் பின்பற்றியோர் 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாளையே குறித்தனர். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டனர். அந்நாள் வந்தது, சென்றது. மறுநாள் விடியலில் அவர்கள் அடைந்த துயரம் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே வரலாற்றில் வழங்குகின்றது. அந்நாழிகையை எவரும் அறியார் என்று ஆண்டவரே கூறியிருக்க, அதனை அறிய முயன்றதன் பயன் அது. அவர்களைப் பார்த்து நாம் நகைத்தல் தகாது. அவர்களின் ஏக்கம் மெய்யானது. பிழையானது கணக்கே.

இதற்கு மாறான நிகழ்ச்சியொன்றும் உண்டு. 1780ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியில் நண்பகலிலேயே இருள் சூழ்ந்தது. காட்டுத்தீயின் புகையே அதற்குக் காரணமென இன்று அறிகின்றோம். அன்றோ, நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டதென மக்கள் நடுங்கினர். கனெக்டிகட் சட்டமன்றத்தைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஆபிரகாம் தவன்போர்ட் என்னும் உறுப்பினர் அதற்கு உடன்படவில்லை. இது முடிவு நாள் அல்லவெனின் கலைய வேண்டிய காரணமில்லை. முடிவு நாளேயெனின் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கையிலேயே ஆண்டவர் தம்மைக் காணட்டும் என்னும் கருத்தைக் கூறி, மெழுகுவர்த்திகளைக் கொண்டுவரச் சொன்னார்.

அவ்வாறாயின் இந்நம்பிக்கை நம் உழைப்புக்கு என்ன தருகின்றது? கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். மரித்தோர் எழுதலையும் கடைசி எக்காளத்தையும் விரித்துரைத்த அப்போஸ்தலர், ஆதலால் உங்கள் பிரயாசம் வீண்போகாது என்று முடிக்கின்றார். அடுத்த அதிகாரமோ எருசலேம் ஏழைகளுக்காக வாரந்தோறும் பணம் சேர்த்துவைக்கும் முறையைச் சொல்லித் தொடங்குகின்றது! எக்காள முழக்கத்துக்கும் காணிக்கைப் பணத்துக்கும் இடையே எத்தடையும் இல்லை. யாவும் அழிந்தொழியும் என்று நம்புவோன் சோர்வான். யாவும் ஆண்டவர் கையில் நிறைவெய்தும் என்று நம்புவோனோ சிறு நன்மையையும் சலியாது செய்வான்.

நோயாளியின் படுக்கையருகே கண்விழித்திருக்கும் தாதி, கூலியைக் குறையாது கொடுக்கும் முதலாளி, மனத்தாங்கல் கொண்ட அயலானிடம் தானே முன்சென்று பேசும் குடும்பத்தலைவி, இவர்களே வருகைக்கு வழியைச் செப்பனிடுவோர். முடிவு நாள் எப்பொழுது என்பது நமக்கு மறைக்கப்பட்டுள்ளது. இன்று செய்யவேண்டியது யாதென்பதோ மறைக்கப்படவில்லை. விளக்கை ஏற்றிவைத்து நம் வேலையைத் தொடர்வோமாக.