காளையுடன் பிறந்த கிடேரிக் கன்றா? வளர்க்கும் முன் பரிசோதியுங்கள்!

பசு இரட்டைக் கன்று ஈன்றால் வீட்டில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று காளை, மற்றொன்று கிடேரி என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். காளையுடன் பிறக்கும் கிடேரிகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை சினை பிடிக்காதவை. இவற்றை 'ஃப்ரீமார்ட்டின்' என்கிறோம். இது தெரியாமல் இரண்டு ஆண்டுகள் தீவனம் போட்டு வளர்த்து, பருவத்துக்கு வரவில்லையே என்று தாது உப்புக்கும் ஊசிக்கும் செலவழிப்பவர்கள் பலர்.

காரணம் என்ன?

கரு உருவாகும் தொடக்கத்தில், கருப்பையாக வளரக்கூடிய குழாய்கள் ஆண், பெண் இரண்டிலுமே இருக்கும். ஆண் கருவில் விரை உருவானதும் 'ஏ.எம்.எச்.' என்ற மரபணு வேலை செய்யத் தொடங்கி, அதே பெயருள்ள ஹார்மோனைச் சுரக்கச் செய்யும். கருப்பை வேண்டாம் என்று உடலுக்குச் சொல்லும் சமிக்ஞை இது. உடனே அந்தக் குழாய்கள் சுருங்கி மறைந்துவிடும். பெண் கருவில் அந்த நேரத்தில் இந்த மரபணு அடங்கியே இருக்கும். அதனால் கருப்பை வளர்கிறது.

மாட்டில் இரட்டைக் கரு தங்கினால், பெரும்பாலும் இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஆண் கருவின் ஹார்மோன் இரத்தம் வழியாகப் பெண் கருவுக்கும் போய்ச் சேரும். விளைவு, கிடேரியின் கருப்பையும் சினைப்பையும் சரியாக வளர்வதில்லை. பிறப்பிலேயே வந்த இந்தக் குறையை எந்த மருந்தும் சரிசெய்யாது.

எப்படிக் கண்டறிவது?

* சில கன்றுகளில் பிறப்புறுப்பு சிறியதாகவும், அதன் நுனியில் முடி நீண்டும் இருக்கும். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாத கன்றுகளும் உண்டு.
* ஒரு மாத வயதில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பிறப்புறுப்பின் உட்பகுதி நீளத்தை அளந்து பார்ப்பார். இயல்பான கன்றில் சுமார் 12 முதல் 15 செ.மீ. இருக்கும். குறையுள்ள கன்றில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். நீங்களே குச்சி விட்டுப் பார்க்காதீர்கள், புண்ணாகிவிடும்.
* சந்தேகம் இருந்தால் இரத்த மாதிரியில் மரபணுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

கவனத்தில் கொள்ளுங்கள்

இரண்டும் கிடேரியாகப் பிறந்தால் பயமில்லை. வெள்ளாடு, செம்மறியில் இரட்டைக் குட்டிகள் சகஜம், ஆனால் இந்தக் குறை அரிது. எனவே ஆட்டுக்குட்டிகளை இதற்காகக் கழிக்க வேண்டாம்.

கிடேரி வாங்கும்போது, "காளையுடன் பிறந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். விற்கும்போதும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே கேள்வி, இரண்டு ஆண்டுத் தீவனச் செலவை மிச்சப்படுத்தும்.